முதலியார் பாலமும் நம் ஊர்த் தரைப்பாலங்களும்

திருத்தணி மலையின் உச்சியில் நின்று நாலா திசையும் நோக்குகிறவர்களுக்குக் குன்றுகளும் மாந்தோப்புகளும் ஏரிக்கரைகளும் ரயில் பாதையும் தெளிவாகத் தெரியுமேயன்றி, ஆறு என்று சுட்டிக்காட்டத் தக்க ஒன்று எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் இது ஆறில்லாத சீமை அன்று. ஊரை ஒட்டியே நந்தியாறு ஓடுகிறது. அதன் கரையில், பல்லவ அபராஜிதவர்மன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவர் எழுப்பிய வீரட்டானேசுவரர் கற்றளி இன்றும் நிற்கிறது. சற்று அப்பால், பள்ளிப்பட்டுப் பக்கத்தில், லவா என்றும் குசா என்றும் ராமாயணப் பெயர் பூண்ட இரண்டு சிற்றாறுகள் கூடிக் கொசஸ்தலையாறாகின்றன. இந்த ஆறுகளின் குணம் காவிரிக்கும் தாமிரபரணிக்கும் உரிய குணம் அன்று. ஆண்டின் பெரும்பகுதி இவை வெறும் மணல். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிற ஜனங்கள் கால் நனையாமலே இவற்றைக் கடந்துவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, எல்லைக்கு அப்பால் ஆந்திரத்திலுள்ள கிருஷ்ணாபுரம் அணையின் மதகுகளும் திறக்கப்பட்டுவிட்டாலோ, அதே மணல் ஒரே இரவில் செந்நீர்ப் பெருக்காக மாறி, இக்கரைக் கிராமத்தை அக்கரைக் கிராமத்தினின்றும் துண்டித்து வைத்துவிடும்.

சில வாரங்களே ஓடும் ஆற்றுக்கு எதற்குப் பெரிய வாராவதி என்ற எண்ணத்தில்தான், நெடியம், சாமந்தவாடா முதலிய ஊர்களை ஒட்டித் தரைப்பாலங்கள் போட்டார்கள். தரைப்பாலம் என்பது ஆற்றை வெல்லுவதற்கு என்று ஏற்பட்ட கட்டடம் அன்று. ஆற்றுக்குப் பணிந்து போவதற்கு ஏற்பட்டது. அடியில் குழாய்களை வைத்து, மேலே தளம் போட்டு, கொஞ்சம் தண்ணீரானால் கீழே போ, நிறையத் தண்ணீரானால் மேலே போ என்று நதிக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுகிற சிக்கனமான ஏற்பாடு அது. 2015-லும் 2021-லும் பெய்த பெருமழைகளில் கொசஸ்தலையாறு அந்த அனுமதியைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டது. பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின. ஜனங்கள் பல மைல் சுற்றிப் போனார்கள்.

இந்தத் தரைப்பாலங்களுக்குப் பெயர் கிடையாது. எந்த ஊர்ப் பக்கமோ அந்த ஊர்த் தரைப்பாலம் என்பதோடு சரி. எவர் கேட்டு வந்தது, எவர் நிலம் விட்டுக் கொடுத்தார், எந்த வெள்ளம் அதை முதலில் உடைத்தது என்பன போன்ற சங்கதிகள் கே.ஜி.கண்டிகை முதல் பள்ளிப்பட்டு வரையிலுள்ள திண்ணைகளில் வாய்மொழியாக உலவுகின்றனவே தவிர, எங்கும் எழுத்தில் ஏறியதாகத் தெரியவில்லை. இதற்கு நம்மவர்களின் அலட்சியத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இந்தப் பகுதியின் பரிபாலனம் கை மாறிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு வேறொரு காரணமும் விளங்கும். திருத்தணி முன்னொரு காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது, 1911-இல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது அதற்குள் போயிற்று, மொழிவழி மாகாணப் பிரிவினையில் ஆந்திரத்தின் பங்காயிற்று, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்து செங்கற்பட்டு ஜில்லாவின் பகுதியாயிற்று. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதிலே சேர்ந்தது. ஆற்றங்கரையில் ஒரு கல்லை எப்போது நட்டார்கள் என்று தேடுகிறவன் ஜமீன் கணக்கு, வேலூர், சித்தூர், செங்கற்பட்டு, திருவள்ளூர் என்று இத்தனை வாசல்களை ஏறி இறங்க வேண்டியவனாகிறான். காகிதம் இப்படிச் சிதறிய இடத்தில் மனிதர்களின் ஞாபகமே ஆவணக் களரி.

ஒரு பாலத்தின் ஞாபகம் எப்படி நிலைபெறுகிறது என்பதை அறிய வேண்டுமானால் நாம் தெற்கே, தாமிரபரணிக் கரைக்குப் போகவேண்டும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே அந்த நதி ஓடுகிறது. ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும். மறு கரையில் கோட்டையும் பட்டாளமும் துரைமார் வாசமும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் கொக்கிரகுளத்துத் துறையில் படகு ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். படகுத்துறை என்றால் நெருக்கடி. நெருக்கடி என்றால் முந்துகிறவனுக்கும் பிந்துகிறவனுக்கும் சண்டை. அந்தத் துறையில் ஒரு சமயம் நேர்ந்த கலகத்தில் உயிர்ச்சேதமே உண்டாயிற்று என்றும், அதன் பிறகே பாலத்தின் அவசியம் சர்க்காரின் மனத்தில் தைத்தது என்றும் அவ்வூரார் சொல்லிவருகிறார்கள். ஈ.பி.தாம்ஸன் என்பவர் கலெக்டராக இருந்தபோது, 1840 மார்ச்சு மாதத்தில், இதற்கென ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. காப்டன் டபிள்யூ.எச்.ஹார்ஸ்லி என்னும் எஞ்சினீர் திட்டம் வகுத்துக் கொடுத்தார். மதிப்பீடு ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய். அந்நாளில் அரை லட்சம் என்பது கேட்டவர்களின் வாயை அடைக்கப் போதுமான தொகை. கும்பினி சர்க்கார் அதைக் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உத்தேசத்தில் இல்லை. ஊராரிடம் திரட்ட வேண்டும் என்றே எண்ணினார்கள்.

கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் இந்த இடத்தில்தான் சரித்திரத்திற்குள் நுழைகிறார். அவருடைய குடும்பம் தொண்டைமண்டலத்திலிருந்து, அதாவது நம்முடைய இந்தச் சீமையிலிருந்து, தெற்கே சென்று குடியேறியது என்று கூறுவதுண்டு. கட்டபொம்மனிடம் கும்பினித் தளபதி பானர்மன் தூது அனுப்பிய துபாஷி ராமலிங்க முதலியார் அவருடைய தந்தை என்றும் கூறுவார்கள். வசூலுக்கு வீடு வீடாக அலைவதைவிடத் தாமே கொடுத்துவிடுவது மேல் என்று அவர் தீர்மானித்ததாகவும், அதற்கு மனைவி முகம் சுளிக்காமல் தம் நகைகளைக் கழற்றித் தட்டில் வைத்ததாகவும் திருநெல்வேலியில் வழங்கும் கதையை அறியாத தமிழர் சிலரே இருப்பர். அந்தத் தட்டில் இருந்த நகை எத்தனை சவரன் என்று ஆராயப் புகுவது வீண் வேலை. முழுத் தொகையும் ஒருவருடைய கையிலிருந்தே வந்ததா என்றுகூடச் சிலர் கேட்கலாம், கேட்பது தவறன்று. ஆனால் எந்த ஆராய்ச்சியும் மறுக்க இயலாத ஒன்று உண்டு. கலெக்டர்களும் கவர்னர்களும் ராஜகுமாரர்களும் பாலங்களுக்குப் பெயர் கொடுத்துவந்த காலம் அது. சென்னையில் அடையாற்றின்மேல் எல்பின்ஸ்டன் பெயர், பின்னாளில் மதுரையில் வைகையின்மேல் ஆல்பர்ட் விக்டர் பெயர் என்று துரைமார் பெயர்களே கல்லில் ஏறின. அப்படியிருக்க, தாம்ஸனும் ஹார்ஸ்லியும் சம்பந்தப்பட்ட ஒரு கட்டடத்திற்குக் கச்சேரிச் சிப்பந்தி ஒருவருடைய பெயர் வழங்கியது என்றால், அவர் கொடுத்ததை ஊர் கண்ணால் கண்டிருக்கவேண்டும்.

1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. அறுபதடி அகலமுள்ள பதினொரு வளைவுகள். மொத்தம் 760 அடி நீளம். இருபத்தொன்றரை அடி அகலம். தண்டனைக் கைதிகளும் இதில் வேலை செய்தார்கள் என்பர். லண்டன் நகரில் தேம்ஸ் நதியின்மேல் ஜான் ரென்னி கட்டி 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து, அதைப்போலவே கால்களில் இரட்டைத் தூண்கள் தெரியும்படி ஹார்ஸ்லி இதை அமைத்தார். இரும்புக் கம்பி வைத்து வார்க்கும் கான்கிரீட்டு வருவதற்கு வெகு காலம் முந்திய வேலை ஆதலால், கல்லின் பாரத்தைக் கல்லே தாங்கும்படி வளைவில் அடுக்குவது ஒன்றே அன்று வழி. மரச்சாரம் கட்டி, அதன்மேல் இரு பக்கத்திலிருந்தும் கற்களை ஏற்றிக்கொண்டு வந்து, நடுவில் முடிக்கல்லை இறுக்கிய பிறகு சாரத்தைப் பிரித்தால், மேலே பாரம் ஏற ஏற ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கி நிற்கும். இப்படிப்பட்ட வளைவுக்கு மேலிருந்து வரும் பாரத்தால் அபாயம் குறைவு. அபாயம் வருவது கீழிருந்துதான். காலின் அடியிலுள்ள மணலை நதி அரித்துக்கொண்டு போனால், ஒரு கால் சாய்ந்த மாத்திரத்தில் அதன் இரு பக்கத்து வளைவுகளும் பிடிப்பிழந்து விழும். மணல் ஆறுகளில் செங்கல்லாலான கிணறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உள்ளே மண்ணை வாரி வாரி ஆழத்திற்குச் செலுத்தி, அதன்மேல் கட்டடம் எழுப்பும் கிணற்று அஸ்திவாரம் என்னும் வித்தையை நம் நாட்டுத் தொழிலாளிகளிடமிருந்தே சென்னை ராஜதானியின் வெள்ளைக்கார எஞ்சினீர்கள் கற்றார்கள் என்பதை இங்கே ஞாபகப்படுத்துவது பொருத்தம். பாலங்களின் கல்வெட்டுகளில் அந்த மண் வாரினவர்களின் பெயர் ஏறவில்லை.

திறந்து கால் நூற்றாண்டு ஆனதும் ஆறு தன் பரீட்சையை நடத்திற்று. 1869-இல் வந்த பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. 1871-இல் அதைத் திரும்பக் கட்டிச் சீர்செய்தார்கள். ஆகவே இன்று நாம் சுலோசன முதலியார் பாலம் என்று கைகாட்டுவது முழுவதும் 1843-இல் வைத்த கல் அன்று. போக்குவரத்துப் பெருகியபோது, சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில், அதையொட்டியே மற்றொரு பாலத்தைக் கட்டி அகலப்படுத்தினார்கள்; இந்த நூற்றாண்டில், 2020-இல், மூன்றாவதாக ஒரு புதுப் பாலமும் பக்கத்தில் வந்துவிட்டது. பழைமையில் பற்றுள்ளவர்கள் இப்படி ஒட்டுப்போட்டதைக் கண்டு வருந்தக்கூடும். என் அபிப்பிராயம் வேறு. ஒட்டுப்போட்டதால்தான் அது பிழைத்தது. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணி கரைகடந்து வந்த காலங்களில் அந்தப் பழைய வளைவுகளின் ஊடே தண்ணீர் போயிற்று, வளைவுகள் நின்றன. முன்மாதிரியாக இருந்த லண்டன் பாலத்தின் கதியோ வேறு விதமாயிற்று. அதன் கால்களின் அடியை நதி அரித்ததனால், 1923-இல் ஒரு கால் அமிழத் தொடங்கியது. பழுது பார்ப்பதா இடிப்பதா என்று பத்தாண்டு காலம் வாதாடிவிட்டு, 1934-இல் இடிக்கத் தொடங்கினார்கள். ரென்னியின் மூலம் போய்விட்டது. கொக்கிரகுளத்து நகல் இருக்கிறது. உலகத்தை ஆண்டவர்கள் காப்பாற்றமுடியாத ஒன்றைத் திருநெல்வேலிக்காரர்கள் காப்பாற்றினார்கள் என்று அவர்கள் சற்றுப் பெருமையாகப் பேசிக்கொண்டால் நாம் பொறுத்துக்கொள்ளலாம். பாலத்திற்குப் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமும் அவ்வூரில் ஏற்பட்டிருக்கிறது. 2018-இல் நூற்று எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தார்கள்.

இதற்கு நேர் மாறான ஒரு சம்பவமும் அதே 2018-இல் நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் அப்பால் கொள்ளிடத்தின்மேல் 1928-இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டதும், 2016-இல், வண்டிகளைப் பழைய பாலத்தின் வழியாக விடுவதை நிறுத்தினார்கள். அதன்பின் காலையில் உலாவப் போகிறவர்களுக்கு அது வசதியான இடமாயிற்றே அல்லாமல், அதன் கால்களை யாரும் பொறுப்போடு கவனித்ததாகக் காணோம். இரண்டே ஆண்டுகளில், 2018 ஆகஸ்டில், கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது நடுவில் சில கால்கள் சரிந்து பாலம் முறிந்தது. ஆற்றுமணலை அள்ளியதே அடிமண் தாழ்ந்ததற்குக் காரணம் என்று பலரும் சொன்னார்கள். எஞ்சியதையும் பின்னர்ப் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஏறக்குறையத் தொண்ணூறு வருஷம் வேலை செய்த கட்டடம், ஓய்வு கொடுத்த இரண்டு வருஷத்தில் விழுந்தது. வேலையிலிருக்கும் பாலத்தை எஞ்சினீர் பார்க்கிறார், காண்டிராக்டர் பார்க்கிறார், ஒரு பள்ளம் விழுந்தால் லாரிக்காரர் கூச்சல் போடுகிறார். வேலை போன பாலத்தை யார் பார்ப்பார்கள்?

வேலை போன பின்பும் காப்பாற்றப்பட்ட பாலம் உண்டா என்றால், உண்டு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியே மலையிறங்கினால் வருகிற புனலூரில், கல்லடையாற்றின்மேல், ஆல்பர்ட் ஹென்றி என்னும் எஞ்சினீர் 1877-இல் முடித்த தொங்குபாலம் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து பாண்டிநாட்டுக்கு ஏலமும் மிளகும் போகவும், பாண்டிநாட்டிலிருந்து அரிசியும் துணியும் வரவும் அது வழியாயிற்று. இரு கரையிலும் கல்வளைவுகள் நிறுத்தி, அவற்றின்மேல் இரும்புச் சங்கிலிகளைப் போட்டு, அந்தச் சங்கிலிகளில் கம்பக மரப்பலகைத் தளத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொங்குகிற தளத்தின்மேல் நடக்க ஜனங்கள் அஞ்சியதால், ஹென்றி யானைகளை மேலே நடக்கவிட்டுத் தாம் குடும்பத்தோடு கீழே படகில் இருந்து காட்டினார் என்று அங்கே கதை சொல்கிறார்கள். பக்கத்தில் கான்கிரீட்டுப் பாலம் வந்த பிறகு வண்டிகள் அதில் போவதில்லை. கேரளத்துத் தொல்பொருள் இலாகா அதை ஏற்றுக்கொண்டு, பலகைகளை மாற்றிப் பாதுகாத்து வருகிறது. ஓர் இலாகா பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது. கொள்ளிடத்துப் பாலத்திற்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

கட்டுவது தர்மம் என்பதை நம்முடைய முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். கட்டியதைப் பராமரிப்பதற்கும் தர்மம் வைக்கவேண்டும் என்பதைக் கோயில் விளக்கிற்கு ஆடும் நிலமும் எழுதிவைத்த காலத்திலேயே அறிந்திருந்தார்கள். ஏரிக்கு மதகு வைத்தவன் ஏரிவாரியத்தை நம்பி வைத்தான். பாலத்திற்கு அந்த முறையைச் செய்தவர், வேடிக்கையாக, ஓர் ஆர்மீனியர். சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் வர்த்தகர், கட்டியதோடு நில்லாமல் அதன் பராமரிப்புக்கென்று ஒரு நிதியும் ஒதுக்கிவைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாலம் உழைத்தது. அதன் இடத்தில் இப்போது மறைமலையடிகள் பெயரால் வேறு பாலம் இருக்கிறது. உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில், பஸ்களின் புகையில், நெடுங்காலம் கவனிப்பாரற்று நின்றது. தினந்தோறும் அதைக் கடந்து பரங்கிமலைக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் திரும்பிப் பார்த்தவர் எவரும் உண்டோ என்று தோன்றுகிறது. பாலம் போய்க் கல் மாத்திரம் நின்றால் ஞாபகம் நிற்பதில்லை. திருநெல்வேலியில் கல்லும் பெயரும் வேலையும் மூன்றும் ஒன்றாக இருந்தன; அதனால்தான் முதலியாரின் பெயர் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறவன் வாயில்கூட வருகிறது.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். கொசஸ்தலையாற்றுத் தரைப்பாலங்களுக்குப் பதிலாக உயர்மட்டப் பாலங்கள் வேண்டும் என்று இங்குள்ள ஜனங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். பிரசவ வேதனையில் இருக்கிறவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனிடத்தில் பழைய தளத்தின் அழகை எடுத்துச் சொல்வது மூடத்தனம். சுலோசன முதலியாரும் படகுத்துறையின் அழகைக் காப்பாற்ற முற்பட்டவர் அல்லரே. தரைப்பாலத்தில் காப்பாற்றத்தக்க சிற்பமோ வளைவோ இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதன் ஞாபகம் ஒன்றுக்கும் உதவாதது என்று நினைப்பது பிழை. எந்த ஆண்டு வெள்ளம் எந்தக் கோயில் படிவரை ஏறியது, ஆறு எந்தப் பக்கத்துக் கரையை முதலில் உடைக்கும், அணை திறந்த எத்தனை நாழிகையில் தண்ணீர் இங்கே வந்து சேரும் என்று ஆற்றங்கரைக் கிழவர்கள் அறிந்து வைத்திருப்பதெல்லாம், புதுப் பாலத்தின் கால் எத்தனை உயரம் நிற்கவேண்டும் என்று கணக்குப் போடுகிற எஞ்சினீருக்கு வேண்டிய விஷயங்கள். அளவுகோல் இல்லாத சிற்றாறுகளில் அந்த ஞாபகமே அளவுகோல். மேலும், எல்லை மாறுவதற்கு முன்னும் பின்னும் இந்த ஆற்றின் இரு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தெலுங்கும் தமிழும் கலந்து பேசி, வெள்ளம் வந்தால் கல்யாணத்தை ஒத்திப்போட்டு வாழ்ந்த ஒரு சமூகத்தின் சரித்திரம் அந்தப் பேச்சுக்குள்ளேதான் இருக்கிறது. அது ஜமீன் கணக்கிலும் இல்லை, ஜில்லா மானுவலிலும் இல்லை.

செய்யவேண்டியது பெரிய காரியமும் அன்று, அரை லட்சம் ரூபாய்க் காரியமும் அன்று. திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களிலுள்ள பள்ளி ஆசிரியர்கள், மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஆற்றங்கரை ஊர்ப் பெரியவர்களிடம் அனுப்பி, சொல்கிறவரின் வயதையும் சொன்ன தேதியையும் குறித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதச் செய்யலாம். ஒரே வெள்ளத்திற்கு இரண்டு பேர் இரண்டு ஆண்டு சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பது பின்னால் வருகிறவன் வேலை. பழைய தளத்தை உடைக்கிற காண்டிராக்டரிடம், ஆண்டு பொறித்த கல் ஏதேனும் கிடைத்தால் ஜல்லியோடு சேர்த்துவிடாமல் ஊராட்சி அலுவலக வாசலில் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். புதுப் பாலம் எழும் இடங்களில் அதன் கால் ஒன்றில் 2015, 2021 வெள்ளங்கள் நின்ற உயரத்தைக் கோடு கிழித்து ஆண்டு எழுதச் சொல்லலாம். சுண்ணாம்பும் தூரிகையும் போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்து வருகிற சபையில், தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே இதற்கும் ஒரு தீர்மானம் எழுதி, கூடியிருக்கிற பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களுடைய வாக்குமூலத்தை மினிட் புத்தகத்தில் சேர்க்கும்படி கே.ஜி.கண்டிகையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிற அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.